ஈ ஓட்டுதல்

நாற்பத்தேழாவது நிமிடம், பன்னிரண்டாவது வினாடி.
நிறுத்தினேன்.
ஜன்னலுக்கு வெளியே, வுப்பர் ஆற்றின் மேல்
தொங்கு ரயில் தன் வெளிச்ச வயிற்றைக் காட்டிக்கொண்டு போனது.
தேநீர் ஆடைகட்டிவிட்டது.

படத்தின் பெயர் 'மெழுகு நோன்பு'. கறுப்பு வெள்ளை.
ஒரு கன்னியர் மடம், ஓயாத மழை,
பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் சமையற்காரி,
அதை ஓட்ட வந்த, பல்வலிக்காரப் பாதிரியார்.
வெளிவந்த வருடம் தியேட்டர்கள் ஈ ஓட்டினவாம்.
இப்போது ஆயிரத்து ஐந்நூறு பெட்டிகள்,
எண் குத்திய அட்டை, உள்ளே சின்னதாய் ஒரு புத்தகம்.
தட்டு அச்சுக்குப் போகுமுன்
குற்றம் கண்டுபிடிப்பது என் சம்பளம்.

முதல் தடவை சத்தமில்லாமல் பார்த்தேன்.
கறுப்பு நல்ல கறுப்பு.
பழைய நாடாவில் சாம்பல் கரைசலாய்க் கிடந்த மாடிப்படி
இப்போது பதினான்கு படி, எண்ணலாம்.
மடத்துத் தலைவியின் முக்காட்டில் நூல் பிரிந்த இடம் தெரிகிறது.
இடது ஒலிபெருக்கியில் மட்டும்
மழை கொஞ்சம் அதிகம் பெய்கிறது.
எழுதி வைத்தேன்.

பயத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
இந்தப் படத்தில் கதவுகள் தாமாக அறையவில்லை, கட்டில் எழும்பவில்லை.
சமையற்காரி உருளைக்கிழங்கு சீவுகிறாள்,
ஒரே கிழங்கை,
தோல் தீர்ந்த பிறகும்.
பாதிரியார் செபம் சொல்கிறார், நடுவில் ஒரு சொல் மறக்கிறார்,
தலை நிமிராமல் அவள் எடுத்துக் கொடுக்கிறாள்.
லத்தீன். அவள் கைநாட்டுக்காரி.
ஆறாம் தடவையிலும் எனக்கு முதுகு சில்லிட்டது,
திருநீறு பூசிய நெற்றிக்காரிக்கு.

பிறகு அந்த இடம்.
சிலுவையில் தொங்குபவரின் மரக் கன்னத்தில் ஓர் ஈ.
நடக்கும். உதட்டோரம் நிற்கும்.
முன்னங்கால்களைச் சேர்த்துத் தேய்க்கும், கும்பிடுவதுபோல.
பாதிரியாரின் கண் அதன் பின்னால் போகும், செபம் நின்றுவிடும்.
பேய் படத்தில் வேறெங்கும் இல்லை.
டெட்லெஃப் வைத்திருக்கும் பழைய நாடாவில்
கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் இடையே
அழுக்கோடு அழுக்காய் அது நடந்தது.

புதுத் தட்டில் கன்னம் துப்புரவு.
தூசி நீக்கும் மென்பொருள்
லட்சம் புள்ளிகளைத் துடைத்த வேகத்தில்
அதையும் துடைத்திருக்கிறது.
பாதிரியார் வெறும் மரத்தைப் பார்க்கிறார்.
இடமிருந்து வலமாக, மெதுவாக,
அவர் கண் நடக்கிறது.

டெட்லெஃபைக் கூப்பிட்டேன்.
"ஒரு பூச்சி, ஃபிராவ் சிவபாதம். யாருக்குத் தெரியப்போகிறது?"
சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.
மூன்று தடவை ஓட்டினோம்.
"இது இன்னும் மோசம்," என்றார், குரல் இறங்கி.
பாராட்டா குறையா என்று நான் கேட்கவில்லை.

ஈ இருந்தபோது அது பேய்ப்படம்.
இல்லாதபோது, என்னவென்று சொல்ல முடியாத ஒன்றை
ஒரு மனிதர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.
வெள்ளிக்கிழமைகளில், வாடகை மண்டபத்துக் கோயிலில்,
திரை போட்ட பிறகும் திரையையே பார்த்தபடி
கை கூப்பி நிற்பவர்களை எனக்குத் தெரியும்.
நானும் நின்றிருக்கிறேன்.

படிவத்தில் எழுதினேன்:
பத்தொன்பது வினாடிகள், படத்துக்குரிய பொருள் நீங்கியுள்ளது.
மூலப் பிரதியிலிருந்து மீட்க.
என்ன பொருள் என்ற கட்டத்தில், ஜெர்மனில் ஆறு எழுத்து.
தமிழில் ஒன்று போதும்.
பூச்சிக்கும் அதுதான்,
கொடு என்று கை நீட்டவும் அதுதான்.

மூன்று வாரம் கழித்துத் திருத்திய தட்டு வந்தது.
ஈ இருந்தது. இறக்கையில் நரம்பு தெரிந்தது.
கால்களைத் தேய்த்தது.
அழகாக இருந்தது, நான் பயப்படவில்லை.
'ஏற்கலாம்' என்று கையெழுத்துப் போட்டேன்.

பிழையான தட்டை உடைத்துவிட வேண்டும் என்பது விதி.
கைப்பையில், ரயில் சீட்டுக்கும் அரை றாத்தல் பாணுக்கும் நடுவே,
அது வீட்டுக்கு வந்தது.