மற்றவை

மூக்கனேரிக்கரைத் தெருவுக்கு
டேப்லெட்டோடு வந்த பையன் கேட்டான்:
போன தடவை அவங்களுக்கு,
இந்தத் தடவை இவங்களுக்கு.
ஏங்க்கா?
விலைவாசியா, சாதியா, தலைவரா, பணமா?

பணம் ரெண்டு பக்கமும் வந்துச்சு தம்பி.
ஒரே கடையில வாங்கின கவர் மாதிரி இருந்துச்சு.

ஐப்பசியில் ஏற்காட்டுத் தண்ணி
எங்க வீட்டுக்குள்ள முழங்காலுக்கு நின்னப்போ
கவுன்சிலர் கார் வந்தது.
கண்ணாடி நாலு விரற்கடை இறங்கியது.
‘உம் பேரென்னம்மா?’

இருபது வருசம் அவர் கொடிக்குக்
கஞ்சி போட்டுத் தேய்த்தவள் நான்.

அவ்வளவுதானாக்கா?
அவ்வளவுதான்.
புதுசா ஜெயிச்சவரும் ஒருநாள் கேப்பாரு,
அதுக்கு இன்னும் மழை வரணும்.

‘மற்றவை’யைத் தொட்டுவிட்டு
எதிர்வீட்டு மாதேஸ்வரியிடம் போனான்.
அவள் கட்சி மாறவே மாட்டாள்.

அவள் வீடு மேட்டில்.