பதினேழாம் இலக்கம்

காலை ஆறரை. பேர்ன் நகரம்,
நிலத்துக்குக் கீழே இரண்டாம் தளம்.
சப்பாத்துக்கு மேல் உறை, தலைக்கு வலை,
சிவப்பு வெளிச்சம்.
அவற்றுக்கு அது இருட்டு. எனக்கு வேலைநேரம்.

தராசில் யோகட் கிண்ணம்.
பூச்சியமாக்கு. வாலடியில் பிடித்து இறக்கு.
இருபத்தொன்று தசம் நாலு கிராம்.
நேற்று இருபத்தொன்று தசம் ஒன்பது.
எழுதுகிறேன்.

குடிதண்ணீரில் ஐந்து நாள் அந்தத் தூள்,
பிறகு பதினாறு நாள் நல்ல தண்ணீர்,
திரும்பவும் தூள்.
மூன்றாம் சுற்றோடு குடல் பழகிவிடும்:
புண்ணாவதற்கு அதன் பின் தூளும் வேண்டாம்.
'நீடித்த' என்ற சொல்லை
அப்போதுதான் படிவத்தில் எழுதலாம்.

புழுக்கையை அட்டையில் தேய்த்து
ஒரு துளி விடுவேன். நீலம் வந்தால் இரத்தம்.
என் மகளுக்கு நீலச் சட்டைதான் பிடிக்கும்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.

செவ்வாயும் வெள்ளியும் ஊசி.
போத்தல் அ, போத்தல் ஆ. இரண்டும் தண்ணீர் போல.
ஒன்று, அழற்சியை ஊதிவிடும் புரதத்தைத்
தேடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொள்ளும்.
மற்றது அதே உருவம், அதே அளவு,
ஆனால் அதற்கு உள்ளே யாரையும் தெரியாது,
சும்மா சுற்றிவிட்டுக் கரைந்துபோகும்.
எதில் எது என்பதை
ஊர்சினா அம்மையார் உறையிலிட்டு ஒட்டிவிட்டார்.

பிறபொருளெதிரி.
உயர்தர வகுப்பில் பரீட்சைக்குப் பாடமாக்கிய சொல்.
இந்தச் சொல்லையும் என் கடவுச்சீட்டையும் வைத்து
ஒரு கவிதை செய்யலாம் என்று தெரியும்.
செய்யமாட்டேன்.
எலிக்கு வயிற்றுவலி. அதுதான் விஷயம்.

நான் பிடிப்பேன். றெட்டோ குத்துவான்.
முனைவர் பட்டத்துக்கு நாலாம் வருடம்.
கூட்டங்களில் கதவடி நாற்காலி அவனுக்கு,
மூன்று தரம் எழும்பிப் போவான்.
இங்கே அதைக் கேட்பது மரியாதையில்லை.
நான் கேட்டேன்.
"எட்டுக் கிழமைக்கு ஒருக்கா எனக்கும் ஏறுது"
என்று முழங்கை மடிப்பைக் காட்டினான்.
பிறகு மாசியில் ஒருநாள், கையுறையைக் கழற்றிக்கொண்டே,
"இப்ப வேலை செய்யேல்லை. என்ரை உடம்பு
மருந்துக்கே எதிரி செய்துபோட்டுது."

பிறபொருளெதிரிக்கு ஒரு பிறபொருளெதிரி.
வாய்விட்டுத் தமிழில் சொன்னேன். நாக்குச் சுளுக்கியது.
திருப்பிச் சொல்லச் சொல்லிச் சிரித்தான்.

பதினேழு. இடது காதில் இரண்டு வெட்டு.
முதுகு கூனி, மயிர் குத்திட்டு, மூலையில்.
நிறையில் பதினெட்டு வீதம் இறக்கம்.
இருபதைத் தொட்டால் நிறுத்தவேண்டும், சட்டம்.
எதை நிறுத்துவது என்று சட்டம் விரித்துச் சொல்லாது.
மறுநாள் பத்தொன்பது தசம் இரண்டு.
தராசை இன்னொருக்காப் பூச்சியமாக்கச் சொன்னான்.
ஆக்கினேன்.
பத்தொன்பது தசம் இரண்டுதான்.

அடுத்த நாள் பதினெட்டு. பிறகு பதினைந்து.
ஒரு காலை பார்க்கிறேன்,
கடதாசியைக் கிழித்துக் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது.
"இதுக்குப் போறது மருந்துதான்" என்றான்.
"பந்தயம். ஒரு கிப்ஃபெலி."
எனக்கும் அப்படித்தான் பட்டது,
ஆனாலும் யாராவது ஒருவர் மறுபக்கம் நிற்கவேண்டுமே.

கடைசி நாள் எல்லாவற்றுக்கும் கடைசி நாள்,
தேறியதற்கும் தேறாததற்கும்.
அழன்ற குடல் குறுகும்.
நான் ஒவ்வொன்றாக அடிமட்டத்தருகே நீட்டி வைக்க
அவன் எழுதினான்: ஆறு தசம் இரண்டு. ஆறு. ஏழு தசம் ஒன்பது.
பதினேழு: எட்டு தசம் நாலு.
கொஞ்ச நேரம் பேனை அசையவில்லை.

அதன் பிறகுதான் உறையைத் திறந்தார்கள்.
மருந்து போன பன்னிரண்டில் எட்டு நல்ல சுகம்.
ஊர்சினா அம்மையார் மேசையில் தட்டினார்,
இங்கே அது கைதட்டல் மாதிரி.
பதினேழு, மற்றப் போத்தல்.
யாரையும் தெரியாத அந்தத் தண்ணீரோடு
தானாக எழும்பியிருக்கிறது.
ஏனென்று கேட்டேன்.
"அப்படி ஒன்றிரண்டு வரும்" என்றார்கள்.
வரைபடத்தில் அது கூட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி.

பின்னேரம் கடதாசிப் பையோடு வந்தான்.
"ஒண்டுமே குடுக்காமல்" என்றான்,
சந்தோஷமா கோபமா, எனக்கு விளங்கவில்லை.
கிப்ஃபெலியை இரண்டாகப் பிய்த்து
பெரிய பாதியை என் பக்கம் தள்ளினான்.
மற்றப் பாதியைக் கொஞ்சம் பார்த்திருந்துவிட்டு
அதையும் தள்ளினான்.
"இண்டைக்கு வெண்ணெய் ஒத்துக்கொள்ளாது."