பன்னிரண்டு கிழமை

டப்பாவின் மேல் நீலக் கடல்,
கடலுக்கு மேல் ஒரு பெண்ணின் கன்னம்.
முப்பத்தொன்பது யூரோ, தொண்ணூறு சதம்.
வதனிதான் முதலில் வாங்கினாள்.
பேரிலேயே முகம் இருப்பவள்,
அவளுக்கு உரிமை உண்டு.
நான் ஏன் வாங்கினேன் என்று கேட்டால்
இரண்டு காரணம் சொல்வேன், இரண்டும் பொய்.

பிரேமர்ஹாஃபனில் காலை ஐந்து மணிக்கே
மீன் ஆலைக்குள் வெள்ளை வெளிச்சம்.
கொட் மீனின் தோலை இயந்திரம் உரிக்கும்,
இயந்திரம் விட்டதை நான் உரிப்பேன்.
பதினேழு வருடம்.
உரித்த தோல் மஞ்சள் தொட்டியில் விழும்,
தொட்டி நிறைந்தால் லொறி வரும்.
லொறி எங்கே போகிறது என்று
ஒருநாளும் நான் கேட்டதில்லை.
டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் இருந்தது:
மீன் தோலிலிருந்து எடுக்கப்பட்டது.
நான் உரித்து எறிந்ததை
நானே காசு கொடுத்துக் குடிக்கிறேனா?
யார் கண்டது. கடல் பெரிது.

மருந்துக்கடை ஃப்ராவ் ப்ரூன்ஸ்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
வேலை செய்யுமா என்றேன்.
உடனே ஓம் சொல்லாமல்
கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தார்.
"ஈரம் கூடியது என்கின்றன சில ஆய்வுகள்,
தோல் கொஞ்சம் இறுகியது என்கின்றன.
அவற்றில் பலவற்றுக்குப் பணம் போட்டவர்கள்
டப்பா விற்பவர்கள்.
வேறு யாரும் பணம் போட்டுப் பார்த்தால்
அந்த ஈரம் காய்ந்துவிடுகிறது."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"வெயிலுக்குப் பூசும் கிரீம் இதைவிட மலிவு."
வெயிலா?
வெளியே நவம்பர். வடகடல் காற்றில்
ஒரு குடை எலும்பைக் காட்டிக்கொண்டு
தெருவைக் கடந்தது.

வயிற்றுக்கு விலாசம் வாசிக்கத் தெரியாது.
கன்னத்துக்கு என்று எழுதி அனுப்பினாலும்
உறையைப் பிரித்து, கடிதத்தைக் கிழித்து
எழுத்து எழுத்தாய்த்தான் இரத்தத்தில் போடும்.
எந்த எழுத்து எங்கே போய்
எந்தச் சொல்லாகுமோ.
இவ்வளவும் விளங்கியும் தினம் ஒரு கரண்டி,
தேநீரில் கலக்கி.
மணமே இல்லை என்று போட்டிருந்தது.
என் மூக்கை ஏமாற்ற ஏலாது.

முதல் நாள் குளியலறை யன்னலடியில் ஒரு படம்,
பன்னிரண்டாம் கிழமை அதே யன்னலடியில் இன்னொன்று.
எது முந்தியது, எது பிந்தியது?
மனுசனிடம் நீட்டினேன்.
பாவம், நெடுநேரம் பார்த்தார்,
பரீட்சை மண்டபத்துப் பிள்ளை மாதிரி வேர்த்தார்.
கடைசியில் சொன்னார்:
"இதில் துவாய் புதுசு."

வதனிக்குக் கன்னம் மினுங்கியது, உண்மை.
அதே கிழமைகளில்தான்
அவள் இரவு வேலையை விட்டதும்
எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டதும்.
நன்றியை டப்பாவுக்குச் சொன்னாள்.

மாசியில் கடவுச்சீட்டுப் புதுப்பிக்கப் போனேன்.
கண்ணாடித் தட்டில் சுட்டுவிரல்.
பச்சை ஒளி முகர்ந்து பார்த்துவிட்டு
வேண்டாம் என்றது.
மற்றச் சுட்டுவிரல். அதுவும் வேண்டாம்.
அந்த இளம் அலுவலர் தட்டைத் துடைத்தார், ஊதினார்,
"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றார்.
மீன், என்றேன்.
உப்பும் ஐஸும் செதிலும்
கையுறைக்குள் புகுந்து புகுந்து
ரேகையைத் தின்றிருக்கின்றன.
முகத்தில் வேண்டாத கோடு.
விரலில் வேண்டிய கோடு இல்லை.
ஐம்பத்துமூன்று வயதில்
பிழையான இடத்தையா இத்தனை கிழமை
படம் எடுத்துக்கொண்டிருந்தேன்?

கடைசியில் இடது பெருவிரல் சம்மதித்தது.
திரையில் பெரிதாய் எழுந்தது:
சுழி, சுழிக்குள் சுழி,
குறுக்கே ஒரு தழும்பு,
கத்தி வழுக்கிய ஏதோ ஒரு திங்கட்கிழமை.
அலுவலர் குனிந்து குனிந்து பார்த்தார்.
என் கன்னத்தை
அவ்வளவு கவனமாய் யாரும் பார்த்ததில்லை.

மூன்றாவது டப்பாவில் ஒன்பது கரண்டி மிச்சம்.
எறிய மனம் வரவில்லை.
மனுசன் அதைத் திருப்பித் திருப்பி வாசித்தார்.
"முழங்காலுக்கும் நல்லதாம்" என்றார்,
என் முகத்தைப் பாராமலே,
கேத்திலில் தண்ணி நிரப்பியபடி.