முழங்கையின் பின்பக்கம்

தேவனாம்பட்டினம் திருப்பத்தில்
கடல் தன் மணலில் கொஞ்சத்தை
தார்ச்சாலையில் காயப்போட்டிருந்தது.
முன்சக்கரத்துக்கு முதலில் தெரிந்தது.
எனக்கு அரை விநாடி தாமதம்.

விழுந்தேன் என்றால் சரியாக இருக்காது.
தேங்காய் மூடியைத் துருவியில் வைத்து
ஒரே இழுப்பு,
அந்த மாதிரி.

மீன்பெட்டி கட்டிய டிவிஎஸ் ஒன்று நின்றது.
"எழும்பாதீங்க சார், காலை ஆட்டிப் பாருங்க."
ஆட்டினேன். ஆடியது.
"அப்போ தோல்தான்."
பெட்டியைத் திறந்து
ஐஸ் துண்டு ஒன்றைக் கையில் வைத்துவிட்டுப் போனார்.
அதில் சங்கரா மீன் வாசனை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கெடிலம் பாலம்.
சாக்ஸுக்குள் இறங்கியது
வியர்வை என்றே நினைத்துக்கொண்டேன்
திருப்பாதிரிப்புலியூர் வரும்வரை.

குளியலறையில்
முதல் குவளைக்குச் சுரணையே இல்லை.
இரண்டாவதற்கு நான் போட்ட சத்தத்தில்
பக்கத்து மாடியில் நாய் குரைத்தது.
சோப்பை நுரைத்துத் தடவும்போது
அம்மா என்று வரவில்லை வாயில்,
பள்ளிக்கூடத்தில் கற்ற கெட்ட வார்த்தைகள்
ஒன்றுகூட விட்டுப்போகாமல் வந்தன.

தம்பி போனில் மஞ்சள் என்றான்.
அலுவலகத்துப் பத்மாசனி காப்பித்தூள் என்றார்.
யாரோ தேங்காயெண்ணெய்.
அடுப்பங்கரை முழுக்க என் தொடைக்கு வரப் பார்த்தது.
தண்ணீர் போதும் என்று
குழாயை மட்டும் நம்பினேன்.

முழங்கால் என் கண்ணுக்கு எதிரில் இருக்கிறது.
தொடையும் பரவாயில்லை.
முழங்கையின் பின்பக்கத்தை
நாற்பத்தாறு வருஷமாக நான் பார்த்ததே இல்லை,
அங்கே ஒரு சாலை வேலை நடந்திருக்கிறது இப்போது:
ஜல்லி, தார், மணல்.
விரிசல் விட்ட கைபேசியின் செல்ஃபியில்
இடுக்கியை வலப்பக்கம் கொண்டுபோனால்
அது இடப்பக்கம் போய்
நல்ல தோலைக் கிள்ளியது.

தனியாக வாழ்வதில்
சமைப்பது, துவைப்பது, காய்ச்சலில் கிடப்பது
எல்லாம் பழகிவிட்டிருந்தேன்.
இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

கீழே ஜெசிந்தா மொபைல் சர்வீஸ்.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து
பாதி ஷட்டர் ஏற்றியிருந்தாள்.
கைபேசியை நீட்டினேன். கையைத்தான் பார்த்தாள்.
"டிஸ்ப்ளே அப்புறம். இதை வைங்க இங்க."

ஸ்பீக்கர் வலைக்குள்
பனியன் நூலும் மூக்குப்பொடியும் தேடும் அதே விளக்கு,
அதே பூதக்கண்ணாடி.
இடுக்கியைக் கெட்டிலில் கொதிக்கவைத்தாள்,
டீக்கு வைத்த தண்ணீரில்.
கையைக் கழுவினாள், இரண்டு தரம்.
"அசைஞ்சா வாரண்டி கிடையாது."

ஒரு கல். ஒரு கல். ஒரு கல்.
பழைய சிம் தட்டு ஒன்றின் மேல் வரிசையாக வைத்தாள்,
திரும்பப் பூட்ட வேண்டிய திருகாணிகளைப் போல.
நடுவில் ஒருத்தர் வந்து சார்ஜர் கேட்டார்.
என் முழங்கையைப் பார்த்தார்,
சார்ஜர் வேண்டாம் என்று போனார்.

ஐம்பது நிமிஷம்.
கைபேசிக்கு இருபதுதான் ஆனது.
பில்லில் கைபேசி மட்டும் இருந்தது.

அரசு மருத்துவமனையில் டிடி ஊசி போட்ட நர்ஸ்
கட்டைப் பிரித்து,
"யாரு கிளீன் பண்ணது? நல்லா இருக்கே" என்றார்.
மொபைல் கடையில் என்றேன்.
கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு வாசலின் தடவி
ஒட்டாத துணி வைத்துச் சொன்னார்:
"காய விடாதீங்க. பொருக்குத் தட்டுச்சுனா நல்லதுன்னு
எவனாவது சொல்லுவான்."

இரவில் பக்கம் எதுவும் மிச்சமில்லை படுக்க.
விடியலில் போர்வை என்னோடு எழுந்து வந்தது.
வெந்நீர் விட்டு விட்டு
அதைக் கெஞ்சி அனுப்ப வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் அரிப்பு.
வலியைவிட அரிப்பு மோசம்,
வலியிடம் மரியாதையாவது இருந்தது.

இளஞ்சிவப்பாய் ஏறிய புதுத்தோலுக்கு அடியில்
ஒரு கரும்புள்ளி இருக்கிறதாம்.
"ஒண்ணு தப்பிச்சிருச்சு சார், எடுத்துடவா?"
விளக்கைப் போட்டுவிட்டாள் அதற்குள்.

என்னால் பார்க்க முடியாத இடம்.
இருக்கிறதென்று அவள் சொல்லித்தான் தெரியும்.
வேண்டாம் என்றேன்.
சரி என்று விளக்கை அணைத்தாள்,
"பின்டயர் காத்து கம்மியா இருக்கு, பாத்தீங்களா?"