இதர செலவு

பத்து நொடிக்குப் பதினெட்டு லட்சம்.
இந்தியா ஆடுகிற நாளில், ஓவருக்கும் ஓவருக்கும் நடுவே.
இதைத் தட்டச்சு செய்கையில்
என் விரல் இப்போதெல்லாம் தடுமாறுவதில்லை.
பதினோரு வருடம் ஆகிறது
தேனாம்பேட்டை மூன்றாவது மாடியில்
அடுத்தவர் பணத்துக்குப் பூஜ்யம் எண்ண வந்து.

ஆவணி முதல் ஞாயிறு
எல்லா நாளிதழுக்கும் முழுப்பக்கச் சட்டை.
சட்டை என்றுதான் நாங்கள் சொல்வோம்.
செய்தி உள்ளே வெற்றுடம்போடு நிற்கும்.
மெட்ரோ தூண்கள் நூற்றுப்பத்து.
பண்பலையில் காலையும் மாலையும்
மூச்சு விடாமல் நிபந்தனைகளை ஒப்பிக்கும் குரல்.
ஒரே ஒரு காருக்கு
மொத்தம் பதினேழு கோடியே சொச்சம்.
அந்தச் சொச்சத்தில்
வியாசர்பாடியில் எங்கள் தெருவை
இரண்டு பக்கமும் வாங்கிவிடலாம்.

எல்லாம் போய்ச் சேர்ந்தது.
ஒரு சீட்டு மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை.
தண்ணீர் லாரி, இரண்டு நடை, ஐயாயிரத்து அறுநூறு.
தேவசகாயம், மேடவாக்கம்.
ஜிஎஸ்டி எண் கிடையாது.
பில் என்று அவர் கொடுத்தது
மருந்துக்கடைத் துண்டுச்சீட்டின் முதுகு.

தண்ணீர் எதற்கு என்றேன்.
படப்பிடிப்புக்குப் போய்வந்த ஷாகுல் சிரித்தான்.
"ரோட்டை நனைக்க மேடம்.
நனைஞ்சாதான் தார் கண்ணாடி ஆகும்.
வண்டி ரெண்டாத் தெரியும்."
நெம்மேலிக்கு அப்பால்,
கடலைக் குடிநீராக்கும் ஆலையையும் தாண்டி,
விடிகாலை நாலரை மணி.
மே மாதம்.

அந்த மே மாதம் எங்கள் தெருவில்
குடங்கள் வரிசையில் நிற்கும்,
ஆட்கள் உள்ளே போய்ப் படுத்திருப்போம்.
என்னுடையது பச்சை, விளிம்பு உருகியது.
இதை ஷாகுலிடம் சொல்லவில்லை.
அவன் வேலையை அவன் செய்தான்.

தினமும் பதினோரு மணிக்குத் தொலைபேசி.
"அம்மா, பாஸ் ஆயிடுச்சா?"
"மேனேஜர் கையெழுத்து பாக்கி."
"சரிம்மா."
கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

ஒருநாள் பத்து மணிக்கே அழைத்தார்.
"நேத்து மேட்ச்ல பாத்தேம்மா.
வண்டி வளைஞ்சு வருதில்ல, அந்த எடம்?
அது ரெண்டாவது லோடு.
மொத லோடு காஞ்சிடுச்சு, சூரியன் லேட்டு.
பையன்கிட்ட சொன்னேன், நம்ம தண்ணிடான்னு.
நம்ப மாட்டேங்கறான்."
பணத்தைப் பற்றி அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை.

வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
அவருடைய இரண்டு லோடுக்கும் சேர்த்து
நொடியில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு.
கண் இமைக்க இதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

மேனேஜர் விருது வாங்கக் கோவா போயிருந்த வெள்ளிக்கிழமை
சில்லறைப் பெட்டியைத் திறந்தேன்.
ஐயாயிரத்துக்கு மேல் ஒரே சீட்டில் எடுக்கக் கூடாது.
இரண்டாக உடைத்தேன்.
இதர செலவு: தேநீர், பிஸ்கட் - இரண்டாயிரத்து எண்ணூறு.
இதர செலவு: ஆட்டோ - இரண்டாயிரத்து எண்ணூறு.
என் கையெழுத்து, கீழே ஒரு கோடு.
தணிக்கைக்கு வருபவர்
பதினேழு கோடியையும் புரட்டிப் பார்க்கலாம்,
எங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது.

லுங்கியை மாற்றிப் பேன்ட் போட்டு வந்திருந்தார்.
லிஃப்ட் வேண்டாமென்று படியேறியதில் மூச்சு வாங்கியது.
எண்ணினார். மறுபடி எண்ணினார்.
வரவேற்பறைத் திரையில் அந்த வண்டி
வேறு யாருமே இல்லாத சாலையில்
சத்தமில்லாமல் வளைந்துகொண்டிருந்தது.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அடுத்த வண்டி எப்பம்மா?"
"பொங்கலுக்கு. படப்பிடிப்பு நவம்பர்ல."

"நவம்பரா," என்றார் தேவசகாயம்,
நோட்டுகளை ரப்பர் பேண்டில் சுருட்டியபடி.
"அப்ப மழையே நனைச்சுப்புடுமே."