பதினேழு துண்டுகள்

பஞ்சிகாவத்தையில் நாலாயிரத்து எழுநூற்றைம்பது என்றான்.
நாலாயிரத்து இருநூறுக்கு இறங்கினான்.
"கார்பன் ஃபைபர், மிஸ்" என்றான் ஃபர்ஸான்.
கரியும் இல்லை, நாரும் இல்லை.
பாய்ப் பின்னல் மாதிரி ஓர் அச்சு,
அதன்மேல் கண்ணாடிப் பளபளப்பு.
குனிந்தால் முகம் தெரிந்தது,
கொஞ்சம் அகலமாக.

என்னுடையது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுச் செலிக்கா.
இரண்டே கதவு. நிறம் சிவப்பு என்று
பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது.
சுவிட்சைப் போட்டால் முன்விளக்குகள் எழும்பும்:
வலது உடனே,
இடது யோசித்துவிட்டு.
விவாகரத்துக் காசில் வாங்கினாளாம் என்று
கந்தோரில் கதை.
சீட்டுக் காசு. பதினெட்டு மாதம் கட்டினேன்.

ஞாயிறு, வெள்ளவத்தை,
அடுக்குமாடியின் கீழே கார் நிறுத்தும் இடம்.
பார்மசி ஸ்பிரிட், ஒரு பொதி பஞ்சு.
ஊசி போடமுதல் தோளைத் துடைப்பார்களே,
அப்படித் துடைத்தேன் டாஷ்போட்டை.
முப்பது வருட வெயில்
பழுப்பாகப் பஞ்சில் வந்தது.
ஏசி வாய்க்குப் பக்கத்தில் ஒரு வட்டம் மட்டும்
போகமாட்டேன் என்றது.
முன்பு யாரோ ஒரு சாமியை ஒட்டியிருந்த இடம்.
புத்தரோ பிள்ளையாரோ மாதாவோ,
பசைக்கு ஞாபகமில்லை.
மூவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு
நகத்தால் சுரண்டினேன்.

பிறகுதான் வழிகாட்டித் தாளை விரித்தேன்.
சீன எழுத்து, ஒரு படம்.
படத்தில் ஸ்டியரிங் இடப்பக்கம்.

தாளைத் திருப்பிப் பிடித்தேன்.
அப்போதும் இடப்பக்கம்தான் என்று
மனம் சொல்லியது.

எங்கேயோ வீதியின் மறுகரையில் ஓடுகிறவர்களுக்காக
வெட்டிய துண்டுகள்.
என் வேகமானியைச் சுற்றி வரவேண்டியது
பக்கத்து இருக்கையில்,
இன்னும் யாரும் வந்து உட்காராத ஒரு முழங்காலுக்கு நேரே,
வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

வோச்சர் விமலசேன தலையை நீட்டினார்.
"தலைகீழாக வைத்துப் பாருங்களேன்"
என்றார் சிங்களத்தில்.
நான்கு துண்டு தலைகீழாகப் பொருந்தியது.
ஐந்து, நடுவில் ரேடியோவைச் சுற்றி,
எந்த நாட்டுக்கும் ஒன்றுதான்.
மற்றதுக்கெல்லாம் கத்தரிக்கோல்.

பசை இளக ஹெயார் ட்ரையர் வேண்டும்.
அவருடைய அறையில் பிளக் இருந்தது.
வயர் எட்டவில்லை.
காரைத் தள்ளினோம்,
அவர் பின்னால், நான் கதவோரம்.
அன்றைக்கு என் ஸ்போர்ட்ஸ் கார் ஓடிய தூரம்
நாலடி.

கியருக்குப் பக்கத்துத் துண்டு
இரண்டு மில்லிமீற்றர் சரிந்துவிட்டது.
இழுத்தால் மேல்தோல் மட்டும் வருகிறது.
விட்டுவிட்டேன்.
எனக்குத் தெரியும், விமலசேனவுக்குத் தெரியும்.
இப்போது உங்களுக்கும்.

மீந்தது ஒன்று, கெளுத்தி மீன் மாதிரி.
எந்த இடத்திலும் நில்லாத துண்டு.
"வேண்டாமென்றால் தாருங்கள்" என்றார்.
தன் சின்ன ரேடியோவின் நெற்றியில் ஒட்டினார்.
கச்சிதமாக உட்கார்ந்தது.
கிரிக்கெட் வர்ணனைகூட அதற்குப் பிறகு
கொஞ்சம் வேகமாகப் போவது போலிருந்தது.

திங்கள் காலை காலி வீதி.
மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர்.
ஓட்டோக்காரன் ஒருத்தன் பக்கத்தில் வந்து
உள்ளே எட்டிப் பார்த்து
"ஷா" என்றான்,
என்னை முந்திக்கொண்டு போனான்.

பம்பலப்பிட்டிச் சந்தியில் வெயில் நேராக விழ
ஒரு மூலை மெல்ல எழும்பியது,
எங்கள் இடது விளக்கைப் போலவே
யோசித்துவிட்டு.
கட்டைவிரலால் அமத்தினேன்.
எடுத்தேன். எழும்பியது. அமத்தினேன்.

இப்போது அதுதான் பழக்கம்:
சிவப்பில் விரல் அங்கே,
பச்சையில் கியரில்.
மழை நாளில் தானாகவே ஒட்டிக்கொள்கிறது.
ஏனென்று ஃபர்ஸானிடம் கேட்கவேண்டும்.