முதல் சாலுரான்

கெலுபி டவுன் தமிழ்ப்பள்ளியில் ஐந்து சாலுரான்.
வயசுதான் கணக்கு.
நரைத்தவர்களுக்கு முதலாவது:
இரண்டாம் வகுப்பு அறை,
முட்டி இடிக்கும் நாற்காலி,
சுவரில் வாய்ப்பாடு.
ஐந்தாவதில் பையன்கள்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே வரிசையில் நிற்பார்கள்.

முதல் சாலுரான் குடைக்கு.
யாரும் எழுதி வைக்கவில்லை.
வெயில் எந்தப் பக்கம் வரும் என்று
எழுதியா வைப்பார்கள்?

நான் அங்கே குடையின் எண்ணும் முகவர்.
இதோடு ஐந்து தேர்தல்.
மில்லில் எடைமேடை வேலை;
செம்பனைக் குலை லாரி திரும்பும்போதே
கண்ணால் டன் சொல்லிவிடுவேன்.
ஓட்டும் அப்படித்தான்.
பெட்டி திறக்குமுன் சொன்னேன்,
"சேவலுக்குப் பத்தொன்பது.
பேர் வேணுமா, சொல்றேன்."

இருபது.

பொன்னுரங்கம் அண்ணன் பாரத்தை மூன்று தடவை பார்த்தார்,
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
நான்காவது தடவை.
"யாருடா அந்த ஒண்ணு?"

பதினோரு நாள்
டவுனே அந்த ஒன்றைத் தேடியது.
தனபாக்கியத்தின் ஒட்டுக்கடைமேல் போய் விழுந்தது சந்தேகம்.
சேவல் பையன்களுக்கு ஒரு மழை நாளில்
ஓசியில் தே கலக்கிக் கொடுத்தாளாம்.
குடைக்காரர்கள் எதிர்க்கடைக்கு மாறினார்கள்,
அங்கே பால் திரிந்த வாடை,
மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள்.
அவள் என்னிடம் கேட்டாள்,
"எண்ணுனவரு நீங்க. சொல்லுங்க, நானா?"
"தாளில் பேர் இருக்காதும்மா" என்றேன்.
உண்மைதான்.
சில நேரம் உண்மை எவ்வளவு வசதி.

அது நான்.

பெரிய காரணம் கிடையாது.
லயத்து வீடுகளுக்கு நிலப் பத்திரம் தருகிறோம் என்று
குடை ஏமாற்றியதற்காக என்று சொன்னால்
எனக்குக் கௌரவமாக இருக்கும்.
அதையெல்லாம் மன்னித்தே பழகியவன் நான்.
பிரச்சாரத்தின் கடைசி இரவு
வேட்பாளர் என் தோளில் கைபோட்டார்,
"என்ன குணசீலன், நல்லா இருக்கீங்களா?"
குணசீலன் என் அண்ணன்.
செத்து ஆறு வருஷம்.
மாலை அனுப்பியது இவர்தான்,
நாடாவில் பெயரில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை.

மறுநாள் அட்டைத் தடுப்புக்குள்
பேனா தானாகக் குடைக்கு நேரே போய் நின்றது,
நாற்பது வருஷப் பழக்கம்,
பிறகு ஒரு கட்டம் கீழே இறங்கியது.
இரண்டே கோடு.
இவ்வளவு சுலபமா என்று
பயந்துபோனேன்.

மாலையில் அதிகாரி ஒவ்வொரு தாளாக உயர்த்திப் பிடித்தார்.
என் கோணல் கோடு எனக்குத் தெரியாதா?
"சேவல்" என்றார்.
குடையின் முகவராகத் தலையாட்டினேன்.

பன்னிரண்டாம் நாள்
யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத மாநிலத்தில்
குடையும் சேவலும் கைகோத்தன.
எங்கள் வேட்பாளரும்
அவரைத் தோற்கடித்தவரும்
ஒருவர் வாயில் ஒருவர் கேசரி ஊட்டுவதை
டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.
பொன்னுரங்கம் அண்ணன் சத்தத்தைக் கூட்டினார்,
குறைத்தார்,
கூட்டினார்.
சேவல் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது
கதவைச் சாத்தியவர்.
மகளுக்கு இப்போது முப்பத்தெட்டு.

எனக்கென்று ஒரு துரோகம் இருந்தது,
பன்னிரண்டு நாள்.
அதையும் கட்சி எடுத்துக்கொண்டது.

எல்லாரும் ஒட்டுக்கடைக்குத் திரும்பினார்கள்.
மன்னிப்புக் கேட்கவில்லை, தே கேட்டார்கள்.
தனபாக்கியம் ஊற்றினாள்.
என் டம்ளரைக் கடைசியாக வைத்தாள்,
வைத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.
சொல்லியிருக்கலாம்.
விரல் நகத்து மையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"அடுத்த தடவையும் நீதானே எண்ணுவே?"
பொன்னுரங்கம் அண்ணன் கேட்டார்.
"யாருக்குண்ணே?"
தேயை ஊதினார்.
ஆடை ஒதுங்கி,
மறுபடி மூடிக்கொண்டது.